பூகம்பம் வளர்த்த வைரி

தொம்!

பின்னறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் சமையலறை அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கவில்லை. மறுபடியும், தொம்! இந்த முறை கூடவே ஒரு முனகல்.

"எலும்பு கிலும்பு உடைஞ்சுதா?" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"இல்ல."

"அப்போ குளிச்சிட்டு வாங்க. வெந்நீர் ஆறுது."

பதறாதீர்கள், வாசகர்களே. கட்டில் மெத்தையைத் தரையில் போட்டு, ஐம்பத்தோரு வயதில் முதுகு பட விழுவதும் எழுவதும் மறுபடி விழுவதுமாக இருப்பவர் இந்த வீட்டின் தலைவர்தான். உலகத்தில் நாய் வளர்ப்பவர்கள் உண்டு. கிளி வளர்ப்பவர்கள் உண்டு. மொட்டை மாடியில் தொட்டி வைத்து ரோஜா வளர்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுபவர்களும் உண்டு. இவர் வைரி வளர்ப்பவர். வாலிபத்தில் எங்கோ கிடைத்த ஒரே ஒரு பகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நட்டு, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, வாடினால் மனம் வாடி, துளிர்த்தால் முகம் மலர்ந்து, பெற்ற பிள்ளையின் பிறந்தநாளை மறந்தாலும் அந்தப் பகை பிறந்த நாளை மறக்காத இனம். இந்த இனம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. அலுவலகத்தில் கோப்புக்குள் ஒளிந்திருக்கும். குடியிருப்பில் பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். நம்மவர் மல்யுத்தக்காரர் என்பதால் அது ஜிகினா பனியன் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தொலைக்காட்சியில் வருகிற மல்யுத்தத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வாணவேடிக்கை, இசை, ஒப்பந்தம் எல்லாம் உண்டு. இவர்கள் எந்தக் கம்பெனியிலும் சேராத உதிரி மல்லர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமுதாயக் கூடத்தில் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இரும்புச் சட்டங்களைத் தாங்களே தோளில் சுமந்து வந்து, தாங்களே போல்ட் முடுக்கி ரிங்கைக் கட்டி, அதற்குள் தாங்களே விழுந்து, சாயங்காலம் தாங்களே கழற்றி லாரியில் ஏற்றுபவர்கள். யார் ஜெயிப்பது என்று திரைக்குப் பின்னால் முன்கூட்டியே பேசிக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். பார்க்க வருபவர்களுக்கும் அது தெரியும். ஆனால் விழுவதைப் பற்றிப் பேசி வைத்து என்ன பயன்? பலகை பலகைதான். முதுகு முதுகுதான்.

ரிங்கில் இவருக்குப் பெயர் பூகம்பம்.

மற்ற ஆறு நாளும் இந்தப் பூகம்பம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். அங்கே இவரைப் போல் சாது கிடையாது. பாங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி இவரிடம் நான்கு மாதமாகக் கற்றுக்கொண்டும் வலப்பக்கம் திரும்பச் சொன்னால் இடப்பக்கம் திரும்புகிறார். இவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"சார், அந்த ஆள் இடிக்கப் பார்த்தான் சார்!"

"பரவால்லம்மா. மனுஷன்னா தப்பு நடக்கும். மறந்துடணும். மனசுல வெச்சிக்கக் கூடாது."

எவ்வளவு பெரிய மனம்! கார் கடைத்தெருவில் நுழைகிறது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்று வருகிறது.

"ஹாரன் அடிங்கம்மா."

"எதுக்கு சார்? ரோட்டுல யாருமே இல்லியே."

"அடிங்கம்மா. நல்லா அழுத்தி. பயிற்சிதானே."

பன்னிரண்டு ஆண்டுகளில் இவரிடம் கற்றுத் தேறிய அத்தனை பேரும், பிரேக் போடத் தெரிகிறதோ இல்லையோ, அந்தக் கடை வந்ததும் கை தானாகப் போய் ஹாரன் அடிக்கிறார்கள்.

கடைக்குள்ளே, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, "இது தெளிவா இருக்கா, அதுவா? அவசரமில்ல, பொறுமையா பாத்துச் சொல்லுங்க" என்று கண் பரிசோதிக்கும் மென்மையான மனிதர்தான் அந்த வைரி. ரிங்கில் அவர் பெயர் கழுகு. மேல் கயிற்றில் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, கீழே படுத்துக்கிடப்பவர் மீது பறந்து விழுவது அவருடைய வித்தை. விழுகிறவருக்கு அடிபடாமல் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிப்பது கீழே இருப்பவர் பொறுப்பு.

பகை பிறந்த கதையைக் கேட்காதீர்கள். கேட்காமலே சொல்லியிருப்பார். பல் மருத்துவரிடம் சொன்னார், மைத்துனியின் கல்யாண வரவேற்பில் பந்தி நடுவே சொன்னார், அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்க வந்த நிபுணரிடம்கூட, மயக்கம் வரும்வரை சொன்னார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. பூகம்பம் கீழே படுத்திருக்கிறார். கழுகு மேலேயிருந்து பறக்கிறார். நெஞ்சில் இறங்க வேண்டிய முழங்கை வாயில் இறங்குகிறது. மேல் வரிசை முன்பல் ஒன்று, மூன்றாவது நாற்காலி வரிசை வரை போயிற்று. 'அவன் அரையடி தள்ளிக் குதித்தான்' என்பது பூகம்பத்தின் கட்சி. 'படுத்திருந்தவன் அரையடி நகர்ந்தான்' என்பது கழுகின் கட்சி. அரையடி! ஒரு சாண் துணி கூடக் குறைய ஆனால் தையற்காரரிடம் சிரித்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்த அரையடியில் இவர்கள் இரண்டு பேரும் பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டார்கள்.

வைரி வளர்ப்பதற்கு ஆசாரங்கள் உண்டு. எதிரியின் பெயரை உச்சரிக்கக் கூடாது. 'அவன்' என்றால் போதும். சுவரொட்டி வந்ததும் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து, 'பூகம்பம்' என்ற எழுத்தின் உயரத்தையும் 'கழுகு' என்ற எழுத்தின் உயரத்தையும் அளக்க வேண்டும். (கழுகுக்கு எழுத்துக் குறைவு, ஆகையால் பெரிதாகப் போட இடம் கிடைக்கிறது. இந்த அநியாயத்துக்கு இன்றுவரை நீதி கிடைக்கவில்லை.) நான்கு வருடமாக நம்மவருக்குச் சிறிய எழுத்து தெரிவதில்லை, செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, அதுவும் போதாமல் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் படிக்கிறார். ஆனால் கண்ணாடி? ஊரில் நல்ல கண்ணாடிக் கடை ஒன்றே ஒன்று. மானமுள்ளவர் குருடாகலாமே தவிர அங்கே படியேற முடியுமா?

குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது வாசல் மணி அடித்தது. மனைவிதான் போய்க் கதவைத் திறந்தாள்.

"அட! வாங்கண்ணே, வாங்க. என்ன இந்தப் பக்கம்? உள்ள வாங்க."

துண்டு பூகம்பத்தின் கையிலேயே நின்றது. வாசலில் கழுகு! பத்தொன்பது வருடத்தில் இந்த வீட்டுப் படி மிதிக்காத கழுகு! அதைவிடக் கொடுமை, தாலி கட்டிய மனைவி பரம வைரியை 'அண்ணே' என்கிறாள். அவளுக்கு அண்ணன் என்றால் தனக்கு யார் என்று மனம் தானாக உறவுமுறை போட்டுப் பார்த்தது. மச்சான்!

கழுகின் கழுத்தில் தாடையைத் தாங்கும் வெள்ளைப் பட்டை ஒன்று தடிமனாகக் கட்டியிருந்தது. அவர் ஷூவைக் குதிகாலால் தேய்த்துக் கழற்றிவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னடா இது, புது வேஷம்? போஸ்டருக்கா?" என்றார் பூகம்பம்.

"டாக்டருக்கு."

"எந்த டாக்டர்?"

"எலும்பு டாக்டர். கழுத்துல ரெண்டு எலும்பு தேஞ்சு ஒண்ணோட ஒண்ணு உரசுதாம். இனிமே விழக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமையோட நான் விலகிக்கிறேன். அத நேர்ல சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சமையலறையில் கத்தி நின்றது.

"வழக்கம் உனக்குத் தெரியும்" என்று கழுகு தொடர்ந்தார். "போறவன் தோத்துட்டுத்தான் போகணும். இருக்கறவன் ஜெயிக்கணும். ஏற்பாடு பண்றவர்கிட்டயும் சொல்லிட்டேன். நீதான் ஜெயிக்கிற."

உதிரி மல்லர்களின் உலகத்தில் எழுதப்படாத சட்டம் இது ஒன்றுதான். தொழிலை விட்டுப் போகிறவர், போவதற்கு முன் தன் கடைசி ஆட்டத்தில் தோற்று, தன் பேரையும் புகழையும் அங்கேயே இருக்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். தோற்காமல் போனவர் போனவராகவே மதிக்கப்படுவதில்லை.

வாசகர்களே, நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது வருடம்! ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் என்று மாறி மாறி ஜெயித்ததே தவிர இறுதி வெற்றி என்று ஒன்று இருவருக்கும் கிடைத்ததில்லை. அந்த நாளுக்காக நம்மவர் குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் தூக்கி எத்தனை முறை ஒத்திகை பார்த்திருக்கிறார்! கூட்டம் எழுந்து நிற்பதாக, கழுகு காலடியில் கிடப்பதாக, தான் பெருந்தன்மையோடு ஒரு பார்வை பார்ப்பதாக. இப்போது அது டீ வருவதற்கு முன்பே வந்து மடியில் விழுந்துவிட்டது. துள்ளிக் குதிக்க வேண்டாமா?

பூகம்பம் குதிக்கவில்லை. அடுத்த ஞாயிறு சரி. அதற்கடுத்த ஞாயிறு? யார் எழுத்தை அளப்பது? யாரை நினைத்துக்கொண்டு காலையில் மெத்தையில் விழுவது? நடுத்தெருவில் யாருக்காக ஹாரன் அடிப்பது?

"புளுகறே" என்றார் பூகம்பம். "என்னவோ தந்திரம்."

"எக்ஸ்ரே கொண்டாந்திருக்கேன். பாக்கறியா?"

கழுகு பையிலிருந்து எடுத்து நீட்டினார். பூகம்பம் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கை நீளும் மட்டும் தள்ளிப் பார்த்தார். பின்னும் தள்ளினார்.

"தலைகீழா பிடிச்சிருக்க" என்றார் கழுகு. "நாலு வருஷமா கண்ணு தெரியல, இல்ல? கடைக்கு வந்திருந்தா செஞ்சு குடுத்திருப்பேன்."

"எனக்கு எல்லாம் தெரியும்!"

"தெரியும், தெரியும். பத்தரைக்கு ஹாரன் கேக்கும். ஒருநாள் கேக்கலன்னா உனக்கு உடம்புக்கு ஆகலியோன்னு எனக்கு வேலையே ஓடாது."

வைரி பேசுகிற பேச்சா இது? பூகம்பம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த கோப்பையில் டீ கொண்டுவந்து கழுகின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். நம்மவருக்கு வழக்கமான காது உடைந்த கோப்பை.

கழுகு ஒரு வாய் குடித்துவிட்டு, இன்னும் மோசமாக ஆரம்பித்தார். "ஒரே ஒரு ஆசை. கடைசியா ஒரு தடவ மேல் கயித்துலேர்ந்து குதிச்சிட்டுப் போயிடறேன்."

"அண்ணே!" என்றாள் மனைவி. "டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவர்கிட்ட நான் கேக்கலம்மா."

"கேட்டா என்ன சொல்லுவாரு?"

"கழுத்து போயிடும்னுவாரு. கை கால் வெளங்காம போயிடும்னுவாரு. ஆனா அது மத்தவங்க பிடிச்சா. இவன் பிடிச்சா ஒண்ணும் ஆகாது." கழுகு உடம்போடு பூகம்பத்தின் பக்கம் திரும்பினார். "பத்தொம்பது வருஷத்துல எத்தனையோ பேர் மேல குதிச்சிருக்கேன்டா. கண்ண மூடிட்டுக் குதிச்சது உன் மேல மட்டும்தான்."

அந்தோ! பெற்ற தாய் சொல்லாத வார்த்தை! பூகம்பம் துண்டை எடுத்து, துவட்டி முடித்த தலையை மறுபடியும் துவட்டினார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்றார் கழுகு. "மனசுல வெச்சிக்கிட்டுப் போகக் கூடாது. அந்தப் பல்லு... தப்பு என்னோடதுதான். நான்தான் அரையடி தள்ளிக் குதிச்சேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

கேட்டீர்களா? பத்தொன்பது வருடமாக எந்த ஒரு வாக்கியத்துக்காகக் காது தவம் கிடந்ததோ அந்த வாக்கியம்! அதைக் கேட்டதும் பூகம்பத்தின் முகம், வீட்டில் திருடு போனதைக் கண்டவர் முகம்போல ஆயிற்று. நியாயம் கிடைத்துவிட்டதென்றால் அப்புறம் என்ன மிச்சம்? ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதைக்கு இனி யார் எதிர்க்கட்சி?

"பொய்!" என்று கத்தினார். "நீ சரியாத்தான் குதிச்சே. நகர்ந்தது நான்!"

"நான் தள்ளிக் குதிச்சேங்கறேன்."

"நான் நகர்ந்தேங்கறேன்! முதுகு அரிச்சுது, நகர்ந்தேன்!"

"இருபது வருஷம் ஆகப் போகுது, இப்போ என்னடா முதுகு அரிக்குது? ஒத்துக்கயேன்!"

"நீ யாருடா என் பல்லுக்குப் பொறுப்பேத்துக்க? என் வாய், என் பல்லு, என் தப்பு!"

"ஐயோ, கொஞ்சம் நிறுத்தறீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் மனைவி. "இத்தன வருஷம் 'நீ தப்பு, நீ தப்பு'ன்னு கத்தினீங்க. இப்போ 'நான் தப்பு, நான் தப்பு'ன்னு கத்தறீங்க. பக்கத்து வீட்டுக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான்." பிறகு குரலைத் தாழ்த்தி, கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "பல்ல விடுங்க. அண்ணன் குதிக்கப் போறாராம். அதுக்கு என்ன சொல்றீங்க?"

பூகம்பம் வெள்ளைப் பட்டையைப் பார்த்தார். அதற்கு மேலே, தாடை அசையாமல், நம்பிக்கையோடு தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு கண்களைப் பார்த்தார். 'வேண்டாம்டா, உனக்கு ஏதாவது ஆனால் நான் தாங்க மாட்டேன்' என்று சொல்லலாம். வேறு எந்த மனிதரும் அதைத்தான் சொல்வார். ஆனால் வைரி வளர்ப்பவருக்கு அந்த மொழி தெரியாது. தெரிந்த மொழியில்தானே பேச முடியும்?

"குதி" என்றார். "தாராளமா குதி. நான் பிடிக்க மாட்டேன்."

"என்னது?"

"கையக் கட்டிக்கிட்டு ஓரமா நிப்பேன். நீ பலகையில விழு."

"பிடிக்க மாட்டியா? நீயா?"

"மாட்டேன்."

இதைச் சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் தாமாக முன்னால் நீண்டு, விழுகிற எதையோ ஏந்திக்கொள்ளத் தயாராக நின்றதை மனைவி பார்த்தாள். அவரும் பார்த்தார். அவசரமாகக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. நான் ஜெயிக்கவும் மாட்டேன்."

"அது எப்படி? போறவன் தோக்கணும்."

"அதேதான்! தோக்காம யாரும் போக முடியாது, இல்ல? ஞாயித்துக்கிழமை நீ தரையில நின்னுக்கிட்டு ஒரு விரலால என்னைத் தள்ளு. நான் விழறேன். நீ ஜெயிச்சாச்சு. ஜெயிச்சவன் எப்படிடா விலக முடியும்? நீ விலகல. லீவுல இருக்க. சாகற வரைக்கும் லீவு."

கழுகுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் கோப்பையை டக்கென்று வைத்தார். முகம் சிவந்தது.

"எனக்குப் பிச்ச போடறியா?"

"பிச்ச இல்லடா. தண்டன. நீ கால நீட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தியா? நடக்காது. தினம் பத்தரைக்கு ஹாரன் வரும்."

"உன்ன மாதிரி ஒரு குரூரனை நான் பாத்ததே இல்ல!"

"இப்போ பாத்துக்கோ!"

கழுகு எழுந்துவிட்டார். மானஸ்தர், டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார். வாசலுக்குப் போய் ஷூவுக்குள் காலை நுழைத்தார். அப்புறம் அப்படியே நின்றார். கழுத்துப் பட்டையோடு குனிய முடியவில்லை. காலையில் அவர் மகள் கட்டிவிட்ட ஷூ கயிறுகள் இரண்டும் தரையில் அவிழ்ந்து கிடந்தன.

பூகம்பம் எழுந்து வந்தார். நூற்றுப் பத்துக் கிலோவும் முட்டி போட்டு உட்கார்ந்தது. வலது கால் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இறுக்காதடா. வலிக்குது."

"வலிக்கட்டும்."

இடது காலையும் கட்டினார். இரட்டை முடிச்சு. அவிழுகிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம இருநூறு பேர் முன்னால உன்னை எப்படி அசிங்கப்படுத்தறேன் பாரு" என்றார் கழுகு, தலைக்கு மேலேயிருந்து.

"வாயேன் பாப்போம்."

"வரேன்டா."

"மூணு மாடி. கம்பியப் பிடிச்சிக்கிட்டு எறங்கு. விழுந்து தொலச்சி எம்மேல பழியப் போடாத."

என்ன, சிரிக்கிறீர்களா? இப்படியும் ஒரு ஜென்மமா என்று தோன்றுகிறதா? உங்களுக்கு அப்படி யாரும் கிடையாது, மிகவும் சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போன மாதம் அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னபோது, எல்லார் முன்னாலும் "நல்லா வேணும்" என்றீர்களே, பிறகு கூட்டம் கலைந்ததும் சேதி சொன்னவரைத் தனியாக மறித்து, "எந்த ஆஸ்பத்திரி?" என்று ஏன் விசாரித்தீர்கள்?

சரி, சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

பூகம்பம் வாசலிலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். ஒரு படி, இன்னொரு படி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு படி. கடைசிப் படியும் பத்திரமாக இறங்கித் தெருவில் செருமல் கேட்ட பிறகுதான், அவன் காதில் விழ வேண்டும் என்றே, கதவைப் படாரென்று சாத்தினார்.